வங்கியிலிருந்து வந்த நிதியமைச்சர்: மூலனூர்ப் பக்கமிருந்து ஒரு பார்வை

மூலனூர் வட்டாரத்தில் மழை குறைவு. தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையின் இரு பக்கமும் கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகள், முருங்கைத் தோப்புகள், பருத்திக் காடுகள், அவற்றுக்கு மேலே காற்றாலைகள். இந்த மண்ணில் பணம் வரும் மாதமும் பணம் தேவைப்படும் மாதமும் ஒன்றாக அமைவதில்லை. பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஊர்வழக்கில் ‘கமிட்டி’க்கு, கொண்டுபோய் ஏலம் விட்ட பிறகுதான் கையில் காசு. விதைக்கும் உரத்துக்கும் களையெடுப்புக்கும் பல மாதங்கள் முன்பே காசு வேண்டும். நடுவில் குடும்பத்தைத் தாங்குவது வீட்டுப் பெண்களின் நகை. அது சொசைட்டியில், அதாவது கூட்டுறவுக் கடன் சங்கத்தில், அடகுக்குப் போகும், திரும்பி வரும், மறுபடியும் போகும்.

அதனால் 2021 செப்டம்பரில் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடியாகும் என்று தமிழக அரசு அறிவித்தபோது, இந்தப் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட செய்தி. பிறகு கணக்கைச் சலித்தார்கள். 48 லட்சத்துக்கும் மேற்பட்ட நகைக் கடன்களை ஆராய்ந்ததில் 35 லட்சத்துக்கும் அதிகமானவை தகுதியற்றவை என்று அரசு சொன்னது. போலி நகையை வைத்துக் கடன் வாங்கியவர்களும், ஒரே ஆள் பெயரில் அடுக்கடுக்காகக் கடன் எடுத்தவர்களும் சிக்கினார்கள். அதே சல்லடையில், மொத்த நகை 40 கிராமைத் தாண்டிவிட்டவர்களும், சில மாதங்களுக்கு முன் பயிர்க் கடன் தள்ளுபடி பெற்றிருந்த விவசாயக் குடும்பங்களும் கழிந்துபோனார்கள். மோசடிக்காரரும் நேர்மையான மானாவாரி விவசாயியும் ஒரே பட்டியலில் ‘தகுதியற்றவர்’ ஆனார்கள்.

சலித்தது கூட்டுறவுத் துறை. ஆனால் தரவைப் பார்க்காமல் அரசுப் பணத்தை விடக்கூடாது என்ற கொள்கையை அந்த நாட்களில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். தமிழ்நாட்டு அமைச்சரவைக்குப் பன்னாட்டு வங்கித் தொழிலிலிருந்து வந்து சேர்ந்தவர். வங்கியில் பெற்ற பழக்கம் ஒரு அரசியல்வாதிக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஆராய அவருடைய பொதுவாழ்வைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் நமக்கு இல்லை. அதை மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சொசைட்டிக் கடனிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்திலும் வாழும் ஊரிலிருந்து பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரிகின்றன.

அவர் எங்கிருந்தோ வந்து குதித்தவர் அல்லர். தாத்தா பி.டி. ராஜன் 1936 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். நீதிக்கட்சியின் கடைசித் தலைமுறைத் தலைவர்களில் முக்கியமானவர். தந்தை பழனிவேல் ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். 2006இல் அமைச்சராகப் பதவியேற்ற சில நாட்களில் காலமானார். மகன் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் பஃபலோவில் முனைவர் பட்டமும் எம்.ஐ.டி.யில் நிர்வாகவியல் பட்டமும் பெற்றார். 2001இல் லேமன் பிரதர்ஸில் சேர்ந்தார். 2008 செப்டம்பரில் அந்த நிறுவனம் 60,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனோடு திவாலானது. உலகமே அதில் ஆட்டம் கண்டது. அதன்பின் 2014 வரை சிங்கப்பூரில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியில் இருந்தார். 2016இலும் 2021இலும் மதுரை மத்தியத் தொகுதியில் வென்றார். இரண்டாம் முறை வாக்கு வித்தியாசம் 34,176.

லேமனின் வீழ்ச்சியை நான் இங்கே சும்மா சொல்லவில்லை. அந்த வங்கி விழுந்ததற்கு ஒரு பெரிய காரணம், கடன் யாரிடம் இருக்கிறது, அதைத் திருப்பும் வலு அவருக்கு உண்டா என்பது கைமாறிக் கைமாறி யாருக்குமே தெரியாமல் போனது. மறைந்த கடன் என்ன செய்யும் என்று அந்தத் தொழிலில் அருகிலிருந்து கண்ட ஒருவர், 2021 மே 7இல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றதும் முதலில் எடுத்த பெரிய வேலை, அரசின் கடனை ஊரறியச் செய்வது.

2021 ஆகஸ்ட் 9 அன்று வந்த வெள்ளை அறிக்கைதான் அது. தமிழ்நாட்டில் அதற்கு முன் 2001இல் பொன்னையன் நிதியமைச்சராக இருந்தபோது ஒன்று வந்திருந்தது. புதிய அறிக்கை, மாநிலத்தின் மொத்தக் கடன் ஏறத்தாழ 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றது. அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்று காட்டியது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் இழப்பு, மின்வாரியத்துக்கு ஒரு யூனிட்டுக்கு 2.36 ரூபாய் இழப்பு என்றும் கணக்குத் தந்தது. நான்கு நாள் கழித்துத் தாளில்லா வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். பெட்ரோலுக்கு மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது.

நிதிநிலை என்பது அதிகாரிகளுக்கும் பொருளாதாரப் பத்திரிகைகளுக்கும் உரிய சங்கதி என்றிருந்த வழக்கத்தை அந்த அறிக்கை உடைத்தது. டீக்கடைகளில் வருவாய்ப் பற்றாக்குறை பேசப்பட்டது. இதை நான் மனமார மதிக்கிறேன். கணக்கை மக்கள் முன் விரித்து வைக்கும் ஆட்சியாளர் எந்தக் கட்சியானாலும் ஜனநாயகத்துக்கு நல்லது செய்கிறார்.

ஆனால் 2,63,976 என்ற எண்ணில் எனக்கு உடன்பாடில்லை. மாநிலத்தின் கடன் குடும்பத்தின் கடன் ஆகாது. மூலனூரில் ஒரு குடும்பம் இரண்டரை லட்சம் கடன்பட்டிருந்தால் அதைத் தன் ஆயுளுக்குள் அடைக்க வேண்டும். தவறினால் நிலமோ நகையோ போகும். மாநிலம் சாகாது. வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பழைய கடனைப் புதுக் கடனால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருளாதாரம் கடனைவிட வேகமாக வளர்ந்தால் சுமை தானே குறையும். இதெல்லாம் பன்னாட்டு வங்கியில் இருந்தவருக்குத் தெரியாததல்ல. அவர் கவலைப்பட்டது கடனின் அளவைவிட அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி: அணையும் சாலையும் கட்டுவதற்கு மாறாக அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை. அது நியாயமான கவலை. குடும்பக் கணக்காக அதைச் சுருக்கியபோது கவலையின் கூர்மை போய், அச்சம் மட்டும் மக்களிடம் சேர்ந்தது.

பேருந்துக் கணக்கு இன்னும் சிக்கலானது. அந்த ஆட்சி வந்த முதல் நாளே, 2021 மே 7 அன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று முதலமைச்சர் கையெழுத்திட்டார்; ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று மதிப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வெள்ளை அறிக்கை கிலோமீட்டருக்கு 59.15 ரூபாய் இழப்பு என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும். மோதவில்லை. முன்பெல்லாம் அரசு, கட்டணத்தை உயர்த்தவும் விடாது, அதனால் வரும் இழப்பை முழுதாக ஈடுகட்டவும் செய்யாது. போக்குவரத்துக் கழகம் கடன் வாங்கி வண்டியை ஓட்டும். அந்தக் கடன் பட்ஜெட்டில் தெரியாது. இலவசப் பயணத்துக்கான தொகை நேரடியாகப் பட்ஜெட்டில் மானியமாக எழுதப்பட்டது. செலவு அதேதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தரலாமா கூடாதா என்று சட்டமன்றம் விவாதிக்க முடிகிறது. வங்கிக்காரரின் பழக்கம் அரசியலுக்குச் செய்த உண்மையான உதவி இதுவென்று நினைக்கிறேன்.

எந்த ஏட்டிலும் ஏறாத இன்னொரு பக்கமும் உண்டு. திருப்பூர், காங்கேயம், வெள்ளகோவில் என்று வேலைக்குப் போகும் பெண்களில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்கள் சிலர். அந்த வழித்தடத்துக்கு வெளியே இருப்பவர்கள் பலர். கட்டணம் இல்லாத ஒரு பேருந்து இருந்தால் அவர்களால் இரண்டாவது கம்பெனியையும் தேடிப் பார்க்க முடியும், கூலி பேச முடியும். ஆனால் சலுகை நகரப் பேருந்துக்கு மட்டும். மூலனூர் போன்ற இடங்களில் நீண்ட தூரப் புறநகர் வண்டிகளை நம்பியிருப்பவர்களுக்கு அது எட்டவில்லை. இழப்பைக் கிலோமீட்டருக்குக் கணக்கிட்டவர்கள், அந்தக் கிலோமீட்டர் யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் அதே அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

திருப்பூரை நேரடியாகத் தொட்ட விஷயம் ஜி.எஸ்.டி. அரசியல் சட்டத்தின் 279அ பிரிவின்படி ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. மாநிலங்களுக்குள் பெரியது சிறியது என்ற வேறுபாடு கிடையாது. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே ஒன்றிய அரசு ஒப்பாமல் எதுவும் நடக்காது. 2021 மே 28 அன்று நடந்த 43ஆவது கூட்டத்தில், பதவியேற்று மூன்று வாரமே ஆன தியாகராஜன் இந்த அமைப்பையே கேள்விக்குள்ளாக்கினார். மக்கள்தொகையும் பொருளாதாரமும் பெரிதாக உள்ள மாநிலத்துக்கு மிகச் சிறிய மாநிலத்துக்குள்ள அதே வாக்கு எப்படி நியாயம் என்று கேட்டார். கோவா அமைச்சரோடு பொதுவெளியில் வார்த்தைப் போர் மூண்டது.

அந்த வாதத்தின் பொருள் செப்டம்பரில் திருப்பூருக்குப் புரிந்தது. லக்னோவில் நடந்த 45ஆவது கூட்டம், துணிக்கும் குறைந்த விலை ஆடைக்கும் இருந்த 5 விழுக்காட்டு வரியை 2022 ஜனவரி 1 முதல் 12 ஆக்க முடிவு செய்தது. காரணமாகச் சொன்னது தலைகீழ் வரி அமைப்பை. செயற்கை இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்று இருந்ததால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரி திரும்பி வராமல் தேங்கியது உண்மை. ஆனால் அந்தக் குறை செயற்கை இழைத் தொழிலுக்கு உரியது. உள்ளூர்ச் சந்தைக்குப் பருத்தி பனியன் தைக்கும் சிறு பட்டறைக்காரருக்கு அதில் பயனில்லை. விலை ஏறி விற்பனை விழும் ஆபத்துதான். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. 2021 டிசம்பர் 31 அன்று, உயர்வு அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது, 46ஆவது கூட்டம் அதை நிறுத்தி வைத்தது.

2022இல் பருத்தி விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசு பருத்திக்கு விதித்துவந்த 1 விழுக்காட்டுச் சந்தை வரியை நீக்கியது. ஏப்ரலில் ஒன்றிய அரசு இறக்குமதி வரியைத் தற்காலிகமாக விலக்கியது. அப்படியும் மே மாதத்தில் ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, திருப்பூரில் உற்பத்தி நிறுத்தப் போராட்டம் நடந்தது. பருத்தி விளைவிக்கும் மூலனூரும் பருத்தியை உடுப்பாக்கும் திருப்பூரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஒருவருக்கு நல்ல விலை என்பது மற்றவருக்கு நெருக்கடி. இரண்டு பேருக்கும் ஒரே நிதியமைச்சர். வரியைக் குறைப்பது சுலபமாகக் கைக்கு எட்டும் கருவி. விளைச்சலைக் கூட்டுவதும் நல்ல விதையைக் கொண்டுவருவதும் கடினமான வேலைகள். அவற்றில் எந்த அரசும், மாநிலமோ ஒன்றியமோ, இந்தப் பக்கத்து விவசாயிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை.

2022 ஜூலையில் பிரதமர் இலவச அரசியலைச் சாடினார். அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் தியாகராஜன் கொடுத்த பதில் நாடெங்கும் பரவியது. எங்கள் கொள்கையை நாங்கள் மாற்ற வேண்டுமானால், அப்படிச் சொல்பவருக்கு அரசியல் சட்ட அதிகாரம் இருக்க வேண்டும், அல்லது துறை அறிவு இருக்க வேண்டும், அல்லது எங்களைவிட நன்றாக ஆண்டு காட்டியிருக்க வேண்டும். எது உங்களிடம் இருக்கிறது என்பது அதன் சாரம். வெள்ளை அறிக்கை வெளியிட்ட அதே மனிதர்தான் இதையும் சொன்னார் என்பதைப் பலர் முரணாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. எதற்குச் செலவிடுவது என்பது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியின் உரிமை, எவ்வளவு செலவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது அதன் கடமை என்ற இரண்டையும் அவர் சேர்த்தே வைத்திருந்தார். நிதிக்குழுப் பங்கீட்டில் தமிழ்நாட்டின் பங்கு 10ஆவது நிதிக்குழுவில் 6.637 விழுக்காடாக இருந்து 15ஆவதில் 4.079 ஆகச் சரிந்ததை அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதே அடிப்படையில்தான்.

2023 மார்ச் 20 அன்று வாசித்த கடைசி வரவுசெலவுத் திட்டத்தில், 62,000 கோடி அளவில் இருந்த வருவாய்ப் பற்றாக்குறை திருத்த மதிப்பீட்டின்படி 30,000 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது என்றார். அதே உரையில் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினார். தேர்தல் வாக்குறுதியை உடனே நிறைவேற்றாமல் கணக்கு ஓரளவு சீரான பிறகு தொடங்கியது கட்சிக்குள்ளும் வெளியிலும் பொறுமையைச் சோதித்தது. மே 11 அன்று அவர் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார். நிதி தங்கம் தென்னரசுவிடம் போனது. சில வாரங்களுக்கு முன் தியாகராஜன் பேசியதாக ஒலிப்பதிவுகள் வெளியாகியிருந்தன. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். மாற்றத்தின் காரணத்தை அரசு விளக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் வருவாய்ப் பற்றாக்குறையைப் பாதியாக்கிய அமைச்சரை ஏன் மாற்றினோம் என்று மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தன் துறைக்கு நிதியும் அதிகாரமும் மிகக் குறைவு என்று அவரே சட்டப்பேரவையில் கூற, அதை உள்ளுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று பேரவைத் தலைவர் அறிவுறுத்தும் அளவுக்குப் போனது.

இங்கே, வேறொரு வகை வங்கியில் பழகி அரசியலில் நின்ற நம் பக்கத்து மனிதர் ஒருவரை நினைக்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் அங்கப்ப ராமலிங்கம் செட்டியார், டி.ஏ. ராமலிங்கம் செட்டியார் என்றால் கோவையில் பள்ளியின் பெயராகவாவது தெரியும். 1881இல் பிறந்தவர், வழக்கறிஞர். கோவை நகராட்சி, மாவட்ட வாரியம், மாகாணச் சட்ட மேலவை, அரசியல் நிர்ணய சபை என்று படிப்படியாக ஏறி, 1952இன் முதல் பொதுத்தேர்தலில் கோவையிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குப் போனவர். அவருடைய பொதுவாழ்வின் முதுகெலும்பு கூட்டுறவு வங்கி. கோவை மத்தியக் கூட்டுறவு வங்கியோடும் மாகாணக் கூட்டுறவு இயக்கத்தோடும் பல பத்தாண்டுகள் பிணைந்திருந்தார்.

கூட்டுறவுக் கடனுக்கும் கோவை மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய ஃபிரடெரிக் நிக்கல்சன்தான், பின்னர் ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1890களில் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். ஜெர்மனியின் ரைஃபைசன் முறையை இங்கே கொண்டுவரச் சொன்னார். 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அந்த அறிக்கைக்குக் கடன்பட்டது. மூலனூரும் தாராபுரமும் அப்போது கோவை மாவட்டம். நிக்கல்சன் இந்த வறண்ட மண்ணையும் வட்டிக் கடனையும் அறிந்தவர். ரைஃபைசன் முறையின் உயிர், கடன் வாங்குபவரை அறிந்தவர்களே கடன் கொடுப்பது. யாருடைய கிணறு வற்றியது, யார் வீட்டில் கல்யாணம், யார் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். 48 லட்சம் கடன்களைக் கணினியில் சலிக்கும்போது போலி நகைக்காரர் சிக்குவார். ஆனால் 41 கிராம் வைத்த மானாவாரி விவசாயி யார் என்று கணினிக்குத் தெரியாது. முதலாவதுக்கு உலகச் சந்தையின் வங்கியறிவு வேண்டும், இரண்டாவதுக்குச் சொசைட்டியின் வங்கியறிவு வேண்டும்.

வியப்பு என்னவென்றால் இரண்டு பாதைகளும் டெல்லியில் ஒரே இடத்தில் போய் நின்றன. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையின் மொழி விவாதத்தில் ராமலிங்கம் செட்டியார், விடுதலை பெற்ற உணர்வே தெற்கில் குறைவாக இருக்கிறது, தலைநகருக்கு வரும்போது அந்நியராக உணர்கிறோம், இந்த நாடு முழுதும் எங்களுடையது என்ற எண்ணம் வரவில்லை என்ற பொருளில் பேசினார். அவர் அப்போது காங்கிரஸ்காரர், திராவிட இயக்கத்தவர் அல்லர். சமரசம் நாடித்தான் அப்படிப் பேசினார். 72 ஆண்டு கழித்து நீதிக்கட்சிக் குடும்பத்துப் பேரன் ஜி.எஸ்.டி. மன்றத்தில் அதே மனக்குறையை எண்களில் சொன்னார். வரவும் செலவும் யார் கையில் என்று பார்த்துப் பழகியவர்கள் அதிகாரம் எங்கே குவிகிறது என்பதையும் விரைவாகக் கண்டுகொள்கிறார்கள்.

செட்டியார் வந்த பாதை இன்று அடைபட்டிருக்கிறது. பரம்பரைப் பெயரும் அமெரிக்கப் பட்டமும் இல்லாத ஒருவர் கடனையும் கணக்கையும் கற்று அரசியலுக்கு ஏற, கொங்கு நாட்டில் இருந்த ஏணி கூட்டுறவுச் சங்கத் தேர்தல். தமிழ்நாட்டில் அது கடைசியாக 2018இல் நடந்தது. முறைகேட்டுப் புகார்கள் அப்போதே எழுந்தன. அந்த நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்ததும் சங்கங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வசம் போயின. யாருக்குப் பயிர்க் கடன், எவ்வளவு நகைக் கடன் என்ற முடிவில் உறுப்பினர்களின் பிரதிநிதிக்கு இடமில்லாமல் போனது. சென்னையில் எத்தனை திறமையான நிதியமைச்சர் இருந்தாலும், மூலனூர்ப் பக்கத்துச் சொசைட்டிகளில் கடன் வாங்குபவர்களே தேர்ந்தெடுத்த ஒரு குழு அரசின் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு முதலில் அந்தத் தேர்தலை ஒழுங்காக நடத்த வேண்டும்.